பால் காசும் மீன் காசும்: மாட்டை விற்றுக் குளம் வெட்டிய அனுபவம்

"மாடு வளர்க்கலாமா, மீன் வளர்க்கலாமா, எதில் லாபம்?" என்று சொந்தக்காரர்களில் ஆரம்பித்து தெரியாதவர்கள் வரை கேட்கிறார்கள். எல்லோரும் ஏதோ ஒரு வீடியோ பார்த்திருக்கிறார்கள், அதில் ஒருவர் குளக்கரையில் பெரிய கட்லா மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று சொல்லியிருப்பார். நானும் அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அவர் சொல்லாமல் விட்டதில்தான் என் பணம் போனது. அதனால் இதை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். தென்னந்தோப்புதான் சோறு போட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து ஒரே ராத்திரியில் முக்கால்வாசி மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுபடி கன்று வைத்தால் காய்க்க ஐந்து வருஷம் ஆகும். வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார், அனுப்புகிற பணம் ஏஜெண்டுக்கு வாங்கிய கடனை அடைக்கவே சரியாக இருந்தது. வீட்டில் நான், அத்தை, இரண்டு பிள்ளைகள். குடும்பத்தை ஓட்டியது மூன்று கலப்பின ஜெர்சி மாடுகளும் அத்தையின் ஆடுகளும்தான்.

மாட்டுக் கணக்கு எனக்கு மனப்பாடம். மூன்றில் இரண்டு கறவையில் இருந்தால் நாளுக்கு இருபது லிட்டர் வரை வரும், அப்போது லிட்டர் முப்பது ரூபாயை ஒட்டித்தான் கிடைத்தது. பதினெட்டாயிரம் மாதம் கைக்கு வந்தால், தீவனம், தவிடு, புண்ணாக்கு, வைக்கோல், சினை ஊசி, வைத்தியம் எல்லாம் போக ஏழாயிரம், எட்டாயிரம் நிற்கும். அதற்கு விடியற்காலை நாலரைக்கு எழுந்து கறந்து, தொழுவம் கழுவி, புல் அறுத்து, மறுபடி சாயங்காலம் கறக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரம் தாராளமாகப் போய்விடும். சொந்தத் தங்கை கல்யாணத்துக்கே முகூர்த்தத்துக்குப் போய்விட்டு மத்தியானப் பந்தியில் பாதியில் எழுந்து வந்தவள் நான். சினை நிற்காமல் ஊசி மேல் ஊசி போட்ட மாதங்கள் உண்டு, மடிநோய் வந்து பாலைக் கீழே ஊற்றிய வாரங்களும் உண்டு. இந்த அலுப்பில் இருக்கும்போதுதான் மீன் காதில் விழுந்தது.

மீனுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்கள் உண்மையானவை, அதை மறுக்கவில்லை. மாடும் ஆடும் உடம்புச் சூட்டைக் காக்கவே தின்பதில் ஒரு பங்கைச் செலவழிக்கும். மீனுக்கு அந்தச் செலவு கிடையாது, தண்ணீர் தாங்கிக்கொள்வதால் எலும்பும் பெரிதாக வேண்டாம். தின்றது சதையாகிறது. நல்ல மிதவைத் தீவனம் போட்டால் ஒன்றரை, இரண்டு கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ மீன் எடுக்கலாம். கூட்டு மீன் வளர்ப்பில் இன்னொரு வசதி, ஒரே குளத்தில் மேல்மட்டத்தில் மேய கட்லாவும் வெள்ளிக்கெண்டையும், நடுவில் ரோகு, அடியில் மிர்காலும் சாதாக்கெண்டையும், கரையோரப் புல்லுக்குப் புல்கெண்டை என்று ஒன்றோடு ஒன்று மோதாமல் வளர்க்கலாம். கறக்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம், தீவனம் போடுவது, கரையைச் சுற்றிப் பார்ப்பது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வேலை நேரத்தை வைத்துப் பார்த்தால் மீனை மாடு ஜெயிக்கவே முடியாது, இன்றைக்கும் அதுதான் என் கருத்து.

சரி, குளம். தோப்பில் மரம் போன இடத்தில் ஒரு ஏக்கர் ஒதுக்கினேன். கரைக்குப் போக தண்ணீர் நிற்கிற பரப்பு 80 சென்ட். 2020இல் தொடங்கிய பிரதமர் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் என்பதால் என் பேரிலேயே விண்ணப்பித்தோம். இதில் இரண்டு விஷயத்தைப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, மானியம் என்றால் யாரோ நமக்குக் குளம் வெட்டித் தருவார்கள் என்று அர்த்தம் இல்லை, நம் பணத்தைப் போட்டு வேலையை முடித்து, அவர்கள் வந்து அளந்து படம் எடுத்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். இடைப்பட்ட மாதங்களுக்கு வட்டி நம்முடையது. இரண்டாவது, அனுமதி கையில் வரும்முன் பொக்லைனை இறக்கிவிட்டால் "இது பழைய குளம்" என்று தள்ளிவிடுவார்கள். பக்கத்து ஊரில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. பட்டா, சிட்டா, வரைபடம் எல்லாம் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில் இருக்க வேண்டும், எங்கள் வீட்டில் மாமனார் பேரில் இருந்ததை மாற்றுவதற்கே ஒரு கோடை போனது.

வெட்டுவதற்கு இரண்டே முக்கால் லட்சம் ஆனது. கரையை அகலமாகப் போட்டு மண்ணை உள்ளேயே வைத்துக்கொண்டோம். தண்ணீர் விட்டதும் அடுத்த வம்பு, தேங்கவில்லை. எங்கள் பக்கம் தென்னைக்கு ஏற்ற மணல் கலந்த மண், காலையில் முழங்கால் வரை ஏறினால் மறுநாள் கணுக்காலில் நின்றது. களிமண் வண்டி வண்டியாக அடித்துப் போட்டு, சாணியைக் கொட்டி, ஈரத்தோடு டிராக்டரை விட்டு மிதிக்கவைத்த பிறகுதான் ஒருவழியாகக் கசிவு குறைந்தது, அதற்கு இன்னும் ஒரு நாற்பதாயிரம். இதைத் தவிர்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. குளம் வெட்டப் போகிற ஆழத்தில் ஒரு குழி தோண்டி, அங்கிருந்து மண் எடுத்து ஈரமாக்கி உருண்டை பிடித்து, மேலே தூக்கிப் போட்டுக் கையில் பிடிக்க வேண்டும். உடையாமல் இருந்தால் அந்த மண் தண்ணீர் தாங்கும், உதிர்ந்தால் தாங்காது. காசு செலவில்லாத வேலை. பொக்லைன்காரர் சொல்லமாட்டார், அவருக்கு மணிக்கணக்கில் வாடகை.

இனிதான் மாட்டை விற்றது. மீன்குஞ்சுக்கும் தீவனத்துக்கும் கையில் பணம் இல்லை. வழிகாட்டியவர்கள் எல்லோருமே ஒரே குரலில் "இரண்டும் பார்க்க உன்னால் முடியாது, மாட்டைக் கொடுத்துவிட்டு இதில் முழுசாக இறங்கு" என்றார்கள். அத்தை மட்டும்தான் "கண்ணுக்குத் தெரியிற சீவனை வித்து கண்ணுக்குத் தெரியாததுல போடுறியேம்மா" என்றார். இரண்டு மாட்டைக் கொடுத்தோம், இரண்டும் சேர்த்து எண்பத்தைந்தாயிரம். மூன்றாவதை அத்தை கயிறைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அது அப்போது சினையில் இருந்தது. அந்த வருஷம் நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை 32 ரூபாயிலிருந்து 35 ஆக்கியது என்று செய்தியில் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது.

மாடு போன முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. காலையில் எழ வேண்டாம், முதுகுவலி குறைந்தது, அதெல்லாம் சுகம்தான். ஆனால் பத்து நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த பால் காசு நின்றுபோனது. கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூட வேன், மளிகை, எல்லாம் அந்தக் காசில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அது நின்ற பிறகுதான் உறைத்தது. மீன் எட்டு பத்து மாதம் கழித்து ஒரே நாளில் மொத்தமாகத் தரும், அதுவரை வாங்கிக்கொண்டே இருக்கும். மாடு தன் தீவனத்துக்குத் தானே சம்பாதிக்கும், மீன் சம்பாதிக்காது. நகை அடகுக்குப் போனது. எந்த லாபக் கணக்கிலும் இந்த எட்டு மாத இடைவெளி எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை, எல்லோரும் வரவு, செலவு, நிகர லாபம் என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறார்கள். குளம் வெட்டுகிறவர்கள் குளத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பதோடு, இத்தனை மாதம் அடுப்பு எந்தக் காசில் எரியும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விவசாயக் கடன் அட்டையை 2018-19இலிருந்து கால்நடைக்கும் மீனுக்கும் தருகிறார்கள், நகையைத் தொடும்முன் வங்கியில் அதைக் கேட்டுப் பாருங்கள். நான் பிறகுதான் வாங்கினேன்.

குஞ்சு வாங்கிய கதை தனி. கட்லா நாற்பது, ரோகு முப்பது, மிர்கால் முப்பது என்ற பங்கில் மூவாயிரம் குஞ்சு சொன்னேன், 80 சென்ட்டுக்கு அது கொஞ்சம் நெருக்கம், ஆனால் தாங்கும். விரல் நீளக் குஞ்சு என்று பேசி ஒரு குஞ்சு மூன்று ரூபாய். வந்தது அதில் பாதி நீளம். எண்ணிக்கை டம்ளர் கணக்கு, ஒரு டம்ளரில் இத்தனை என்று அவர்களே சொல்லி, இத்தனை டம்ளர் என்று ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்கு வேன் வந்தது, டிரைவர் அவசரப்படுத்துகிறார், பையில் குஞ்சு திணறுகிறது, அந்த நேரத்தில் யார் எண்ணுவது? கடைசியில் கிடைத்த மீனை வைத்துப் பார்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டியிருக்காது. இப்போது நான் வண்டி வந்ததும் நடுவில் ஏதாவது ஒரு டம்ளரை நானே காட்டி, அதைத் தட்டில் ஊற்றி எண்ணச் சொல்கிறேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ வருகிற மாதிரி முன்பே பேசிக்கொள்கிறேன். பையைப் பிரிக்காமல் கால் மணி, இருபது நிமிஷம் குளத்தில் மிதக்கவிட்டு, பிறகு குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, தானாக நீந்திப் போகவிட வேண்டும். நேராகக் கொட்டினால் சூடு மாறி பாதி அன்றைக்கே அடியில் போய்விடும், அது மேலே மிதந்து வந்தும் காட்டாது.

மீனில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான். மாட்டுக்கு ஒரு வேளை தீவனம் இறங்கவில்லை என்றால் உடனே தெரியும். மூக்கு காய்ந்திருக்கிறதா, அசை போடுகிறதா, சாணி எப்படி இருக்கிறது, அத்தை தூரத்தில் நின்றே சொல்லிவிடுவார். 1962க்கு போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். குளத்தில் எத்தனை மீன் இருக்கிறது, என்ன எடை, நோவு இருக்கிறதா, ஒன்றுமே தெரியாது. மாதம் ஒருமுறை வீச்சுவலை போட்டு நாலைந்து மீனையாவது எடுத்து எடை பார்த்து, செவுளைத் திறந்து பார்க்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்தோ அழுகியோ இருக்கக்கூடாது. அந்த எடையை வைத்துத்தான் தீவன அளவையே முடிவு பண்ண முடியும். மொத்த மீன் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு என்பார்கள். மொத்த மீன் எவ்வளவு என்றே தெரியாதவளுக்கு அதில் மூன்று பங்கு என்றால் என்ன செய்வது? மூவாயிரம் மீன் இருக்கிறது என்று நம்பி தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டேன். தின்னாதது அடியில் போய் அழுகியது. இப்போது ஓட்டை போட்ட சாக்கில் தீவனத்தைப் போட்டு மூங்கிலில் கட்டித் தொங்கவிடுகிறேன், ஆந்திராப் பக்கம் செய்கிற முறை. இரண்டு மணி நேரத்தில் சாக்கு காலியானால் மறுநாள் கொஞ்சம் கூட்டலாம், மிச்சம் இருந்தால் குறைக்க வேண்டும். மீன் பேசாது, சாக்கு பேசும்.

ஐப்பசி மழை பிடித்ததும்தான் அந்த ராத்திரி வந்தது. அதற்கு முன்பே குளம் கரும்பச்சையாக இருந்தது. தீவனம் வாங்குகிற கடையில் "தண்ணி பச்சையா இருக்கணும், அப்பதான் கட்லா ஏறும், இன்னும் சாணி போடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், சூப்பர் பாஸ்பேட் உரமும் அவர்களே கொடுத்தார்கள். பச்சைத் தண்ணீர் நல்லதுதான், அந்தப் பச்சையில் இருக்கும் நுண்பாசிதான் கட்லாவின் சாப்பாட்டுக்கே அடிப்படை. ஆனால் அந்தப் பாசி பகலில் வெயில் இருந்தால் உயிர்வளி (ஆக்சிஜன்) கொடுக்கும், ராத்திரியில் மீனோடு சேர்ந்து அதுவும் அதே உயிர்வளியை எடுக்கும். மூன்று நான்கு நாள் வெயிலே இல்லாமல் மூடிக்கொண்டு இருந்தால் கொடுப்பது நின்றுபோய் எடுப்பது மட்டும் நடக்கும். விடியும்முன் இருப்பதுதான் நாளிலேயே குறைந்த அளவு. இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மூன்றரை மணிக்கு நாய் விடாமல் குரைக்கிறதே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன், திருட்டு வலையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். குளம் முழுக்க மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம், ஆயிரக்கணக்கில் வாய் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம், அதை முதல்முறை கேட்கிறவர்கள் மழை பெய்கிறது என்றுதான் நினைப்பார்கள். மோட்டாரைப் போட ஓடினால் கரண்ட் இல்லை. போர்வெல்லுக்கு டீசல் என்ஜின் இல்லை. நானும் அத்தையும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மூங்கிலால் அடித்தோம், குடத்தில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், 80 சென்ட் குளத்தில் அது எந்த மூலைக்கு. பெரிய மீன்தான் முதலில் போகும், அதுவும் கட்லா. எட்டு மணிக்கு வெளிச்சம் நன்றாக வந்தபோது மேலே வெள்ளையாகக் கிடந்தது. எடை போட்ட வரைக்கும் முந்நூற்று எண்பது கிலோ சொச்சம். விற்றிருந்தால் நாற்பதாயிரம் ரூபாய் மீன். ஐஸ் வைத்து விற்றுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார், எத்தனை மணிக்குச் செத்தது என்றே தெரியாததை யார் பிள்ளைக்குக் கொடுப்பது என்று அத்தை திருப்பி அனுப்பிவிட்டார். தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் குழி வெட்டி சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். நான் அழவில்லை, கணக்கு நோட்டை எடுத்து எழுதும்போதுதான் அழுகை வந்தது.

இதற்குப் பிறகு தஞ்சாவூருக்குப் பக்கத்தில் சூரக்கோட்டையில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழக மையத்துக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் குளத்தில் செய்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பச்சை அளவை கையாலேயே பார்க்கலாம். கையைத் தண்ணீரில் நேராக இறக்குங்கள், முழங்கை நனைகிற இடத்தில் உள்ளங்கை கண்ணுக்கு மறைந்தால் சரியான பச்சை. மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே மறைந்தால் ஆபத்து, சாணி, உரம், தீவனம் மூன்றையும் நிறுத்த வேண்டும். முழங்கை இறங்கியும் ரேகை தெரிகிறது என்றால் பட்டினிக் குளம், கொஞ்சம் சாணிக் கரைசல் விடலாம். மழை மூட்டம் போட்டால் அன்றைக்குத் தீவனமே வேண்டாம், ஒரு நாள் பட்டினியில் மீன் சாகாது. அதிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பதும், கரையில் டார்ச் அடித்தால் ஓடாமல் நிற்பதும் கடைசி எச்சரிக்கை. அப்போது போர்வெல் தண்ணீரை விட வேண்டும், ஆனால் குழாயை அப்படியே தண்ணீருக்குள் விடக்கூடாது, நிலத்தடி நீரில் உயிர்வளி மிகவும் குறைவு, பலகை வைத்தோ ஓட்டை போட்ட குழாய் வழியாகவோ சிதறி விழச் செய்ய வேண்டும். ஒரு டீசல் என்ஜின் எப்போதும் டீசலோடு தயாராக இருக்க வேண்டும். குளம் வெட்டுகிற பட்ஜெட்டில் என்ஜினுக்கு இடம் இல்லை என்றால், பத்து சென்ட் குறைத்து வெட்டிக்கொள்ளுங்கள்.

மிச்ச மீனை எப்போது பிடித்தேன் தெரியுமா? மார்கழியில். அடகுக் கடை வட்டி, பள்ளிக்கூடக் கட்டணம், இரண்டும் சேர்ந்து நெருக்க, இன்னொரு மூட்டம் வந்து இதுவும் போய்விடுமோ என்ற பயம் வேறு. ஊரில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்கள், மாலை போட்ட வீட்டில் அடுப்பில் மீன் ஏறாது. வந்த வியாபாரி "தங்கச்சி, இந்த மாசத்துல மீன எவன் திங்கிறான், உனக்காகத்தான் எடுக்கிறேன்" என்று கிலோ தொண்ணூறு பேசினார். வலை இழுத்து மீனைக் கரையில் குவித்த பிறகு நூறு கிலோவுக்கு ஐந்து கிலோவைத் தண்ணீர்க் கழிவு என்று எடையில் குறைத்துக்கொள்வேன் என்றார். வலைக்காரர்கள் கூலியும் என் தலையில். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல முடியாது, மீன் செத்துக்கொண்டிருக்கிறது. விலை படியவில்லை என்றால் மாட்டைச் சந்தையிலிருந்து திரும்ப ஓட்டிக்கொண்டு வரலாம், ஆட்டுக் கிடாவை அடுத்த வாரம் விற்கலாம், வலைக்குள் வந்த மீனுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அந்தக் கரையில் நின்று பேரம் பேசுகிறவன் கை எப்போதும் மேலேதான் இருக்கும். அதனால் விலை, கழிவு, வலைக்கூலி, தராசு யாருடையது, பணம் அன்றைக்கேவா என்பதையெல்லாம் வலை இறங்குவதற்கு முந்தின நாளே பேசி, கொஞ்சம் முன்பணமும் வாங்கிவிட வேண்டும்.

அந்த வருஷக் கணக்கு இது. விற்றது ஐந்நூற்று இருபது கிலோ, கழிவு போக கைக்கு வந்தது நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சம். குஞ்சு ஒன்பதாயிரம், தீவனம் அறுபதாயிரம், சுண்ணாம்பு, உரம், வலைக்கூலி என்று இன்னும் பத்துப் பன்னிரண்டாயிரம். குளம் வெட்டிய செலவையும் நகை வட்டியையும் ஓரமாக வைத்துவிட்டாலே முப்பத்தைந்தாயிரத்துக்கு மேல் நஷ்டம். விற்ற இரண்டு மாடும் இருந்திருந்தால் அதே காலத்தில் எப்படியும் நாற்பது ஐம்பதாயிரம் மிச்சமாகியிருக்கும். மானியம் மறு கோடையில்தான் வந்தது, அதில் ஒரு பகுதியை வட்டி ஏற்கெனவே தின்றிருந்தது.

குளத்தை மூடிவிடலாம் என்றுதான் வீட்டுக்காரர் போனில் சொன்னார். மூட இன்னொரு லட்சம் வேண்டும், அதனால் மூடவில்லை, இதில் பெரிய மன உறுதி எதுவும் இல்லை! மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுகிறார்கள், அதற்குப் பிறகு எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வராது. அந்தக் கோடையில் குளத்தைக் காயவிட்டேன், அடி வெடிக்கிற வரை. வேண்டாத ஜிலேபிக் கெண்டைக் குஞ்சும் கெளுத்தியும் தானாகவே ஒழிந்தன. காயப்போட முடியாத குளமாக இருந்தால் இலுப்பைப் புண்ணாக்கு போட வேண்டியிருக்கும், அதன் நச்சு இறங்க இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அடியில் இருந்த கறுப்புச் சேற்றை அள்ளித் தென்னைக்கு வைத்தேன், அவ்வளவு நல்ல உரம் காசுக்குக் கிடைக்காது. எண்பது சென்ட்டுக்கும் சேர்த்து எண்பது கிலோ சுண்ணாம்பு தூவினேன். மானியம் வாங்கிய கையோடு இன்னொரு மாடும் வாங்கினேன், ஆக இரண்டு மாடு.

மாடும் மீனும் எதிரெதிர் என்று ஏன் பேசுகிறோம் என்றே இப்போது புரியவில்லை. ஒரு ஹெக்டேர் குளத்துக்கு ஐந்து ஆறு மாட்டுச் சாணம் போதும் என்பது கணக்கு, என் குளத்துக்கு இந்த இரண்டு மாட்டுச் சாணமே போதும். தொழுவம் கழுவுகிற தண்ணீரை வாய்க்கால் வெட்டி விட்டிருக்கிறேன், மதகு மாதிரி ஒரு பலகை, பச்சை கூடினால் பலகையை இறக்கித் தென்னைக்குத் திருப்பிவிடுவேன். கரை முழுக்கக் கம்பு நேப்பியர் புல், அறுத்தது மாட்டுக்கு, மென்மையான நுனி புல்கெண்டைக்கு. கரை மண்ணும் மழையில் கரைவதில்லை. உரத்துக்குச் செலவே இல்லை. பால் காசில் மீன் தீவனம் வாங்குகிறேன், அடகுக்கு எதுவும் போகவில்லை.

ஆடு பற்றியும் ஒரு வார்த்தை. அத்தையின் ஆடுகளை நான் ஒருநாளும் வருமானம் என்று கணக்கில் எடுத்ததில்லை. அந்த மோசமான வருஷத்தில் வேன் கட்டணம் கட்டியது ஒரு கிடா, கரண்ட் மோட்டார் எரிந்தபோது கட்டியது இன்னொன்று. ஐந்து மாதச் சினை, பெரும்பாலும் இரட்டைக் குட்டி, வேண்டியபோது வேண்டிய அளவுக்குக் காசாக்கலாம். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி மட்டும் தவறவிடக்கூடாது. மாட்டுக்குக் கோமாரி ஊசி. பக்கத்து வீட்டு மாடுகள் தோல் கழலை நோயில் படுத்ததைப் பார்த்தோம், கொசு, உண்ணியால் பரவுகிறது, ஆகவே மாட்டில் ஆபத்து இல்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் மூன்று மாட்டில் ஒன்றுக்கு நோவு என்றால் மற்ற இரண்டு கறக்கும். குளம் என்பது ஒரே தொழுவத்தில் இரண்டாயிரம் தலை, ஒரே தண்ணீரில் மூச்சு விடுகிறது.

இரண்டாவது சுற்றில் ஆடியில் வாய்க்கால் தண்ணீர் வந்ததும் விட்டேன், இந்த முறை குஞ்சு பெரிது, ஒரு வருஷம் நெருக்கி வைத்து வளர்ச்சியைக் கட்டிய நூறு கிராம் குஞ்சு. விலை பல மடங்கு, ஆனால் எண்ண முடியும், சாவு குறைவு, வெயிலையும் மழையையும் தாங்குகிறது. ஆயிரத்து எழுநூறு விட்டேன், ஐப்பசி கார்த்திகை தாண்டும் வரை தீவனத்தைக் கையை இறுக்கித்தான் போட்டேன். மேட்டூர் மூடிய பிறகு போர்வெல்லில்தான் ஓட்ட வேண்டும், அது ஒரு செலவு. ஆனால் விற்கிற நேரம் என் கையில் இருந்தது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மல்லிப்பட்டினத்து மீன் சந்தைக்கு வராது, அப்போது குளத்து மீனைத் தேடி வருவார்கள். மார்கழியில் தொண்ணூறு சொன்ன அதே வியாபாரி சித்திரையில் நூற்றி இருபது சொன்னார். புரட்டாசியிலும் கார்த்திகை, மார்கழியிலும் பிடிக்க வேண்டிவராத மாதிரி குஞ்சு விடும் மாதத்தைப் பின்னாலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

மொத்தமாகவும் கொடுக்கவில்லை. வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சின்ன வலையில் அறுபது எழுபது கிலோ மட்டும், உயிரோடு கரையிலேயே. சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன், பக்கத்து நாலு ஊர்க்காரர்கள் பையோடு வந்துவிடுவார்கள், கிலோ நூற்றைம்பது. பெரியதை எடுக்க எடுக்க மிச்சம் இருப்பது வேகமாக ஏறுகிறது, ஒருவேளை மூட்டம் போட்டாலும் குளத்தில் பாரம் குறைவு. வெட்டித் தருவதற்கு ஊரில் ஒரு அக்கா உட்காருகிறார், கிலோவுக்கு இருபது ரூபாய் அவர் வாங்கிக்கொள்கிறார். கரையில் விற்றது போக மிச்சம் வியாபாரிக்கு. ஆயிரத்து இருநூறு கிலோவைத் தாண்டியது, செலவெல்லாம் போக எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு மாட்டில் வருஷத்துக்கு நிற்பதும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் அதற்கு நான் தினமும் நாலு மணி நேரம் கொடுக்கிறேன், இதற்கு ஒரு மணி நேரம்.

இப்போது எங்கள் ஊரிலேயே இன்னும் இரண்டு பேர் குளம் வெட்டக் கேட்டு வந்தார்கள். ஒருவர் வீட்டில் மாதச் சம்பளம் வருகிறது, அவரை வெட்டச் சொன்னேன். இன்னொரு பெண் மூன்று கறவை மாட்டை வைத்துக்கொண்டு ஒண்டியாகக் குடும்பம் நடத்துகிறவள், அவளிடம் மாட்டைத் தொடாதே, தோப்பு மூலையில் இருபது சென்ட் போதும், முதல் வருஷம் ஐந்நூறு குஞ்சுக்கு மேல் விடாதே என்றேன். அந்த மண்ணை அவள் உருண்டை பிடித்துப் பார்த்தாள். உதிர்ந்தது. வாய்க்கால் ஓரத்து நிலத்தில் மறுபடி குழி எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.